பால்டிமோர் கீ பாலம்: ஒரு தூண் போனதற்கு மொத்த டிரஸ்ஸும் ஏன் விழுந்தது?

நெல்லை_சிவில்

எல்லாருக்கும் வணக்கம். சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் செமினார். அமெரிக்காவில் பால்டிமோர் துறைமுகத்தில் கப்பல் மோதி விழுந்ததே, பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம், அதை எடுத்திருக்கிறேன். எடுத்த பிறகுதான் ஏன் எடுத்தோம் என்று ஆகிவிட்டது.

அந்தத் துறைமுகத்துக்கு அடியில் ஏற்கெனவே சுரங்கப்பாதை இருந்திருக்கிறது. அப்புறம் எதற்குப் பாலம், அதுவும் டோல் வைத்து? ஒரு குறிப்பில் அதை வில் பாலம் என்கிறார்கள், இன்னொன்றில் டிரஸ் (முக்கோணம் முக்கோணமாகப் பின்னிய இரும்புச் சட்டம்) என்கிறார்கள். எது சரி? முக்கியமான சந்தேகம் இதுதான்: கப்பல் இடித்தது ஒரே ஒரு தூணை. ஆனால் எதிர்ப்பக்கம், ஆயிரம் அடிக்கு மேல் தள்ளி இருந்த பகுதியும் சேர்ந்து விழுந்திருக்கிறது. எப்படி?

எங்கள் சார் "பழைய டிசைன், அதான்" என்று முடித்துவிட்டார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஃபார்வர்டில் ஸ்டீலே மட்டம் என்று போட்டிருக்கிறது. இரண்டையும் ஸ்லைடில் போட எனக்குத் தைரியம் இல்லை.

கசட்பிளேட்_கோவை

தம்பி, முதலில் அந்த ஃபார்வர்டை அழிச்சிடுங்க.

நான் இருபத்தாறு வருஷமாக ஸ்டீல் டீட்டெய்லிங்கில் இருக்கிறேன். கோவையில் உட்கார்ந்துகொண்டு எந்த ஊரிலோ எழும்பப் போகிற இரும்புக்கு ஷாப் டிராயிங் போடுவதுதான் பிழைப்பு. எந்தத் தகடு எத்தனை தடிமன், போல்ட் ஓட்டை எங்கே என்பது வரை நாங்கள்தான் வரைந்து தருவோம். 2024 மார்ச் 26 அன்று அந்த வீடியோ வந்தபோது ஆபீஸில் எல்லாரும் கப்பலைப் பார்த்தார்கள். நான் ஜாயிண்டைப் பார்த்தேன். எந்த இணைப்பு முதலில் பிரிகிறது, எந்த கசட் பிளேட் (தண்டுகள் சேரும் இடத்தைப் பிடிக்கும் தகடு) கிழிகிறது என்று நிறுத்தி நிறுத்தி நாற்பது தடவையாவது ஓட்டியிருப்பேன். நம்ம தொழிலில் தப்பு நடந்துவிட்டதோ என்கிற பயம்தான், வேறென்ன. 2007 ஆகஸ்டில் மினியாபொலிஸில் ஒரு டிரஸ் பாலம் விழுந்து 13 பேர் இறந்தார்கள். அங்கே வேண்டிய தடிமனில் பாதிதான் வைத்திருந்தார்கள், வெறும் அரை அங்குல கசட் பிளேட். டிசைனில் விழுந்த பிழை. கீ பாலத்தில் அப்படி எதுவும் இல்லை. அந்த ஸ்டீல் 47 வருஷமும் மூன்று நாளும் ஒழுங்காக வேலை பார்த்தது. கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன்: திறந்தது 1977 மார்ச் 23.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம்.

பால்டிமோரில் பட்டாப்ஸ்கோ ஆறு விரிகுடாவோடு சேரும் இடம்தான் துறைமுகம். அதன் அடியில் 1957-ல் ஒரு சுரங்கப்பாதை திறந்தார்கள். பத்து வருஷத்துக்குள் நெரிசல் தாங்கவில்லை. அதனால் இன்னும் வெளியே தள்ளி, ஹாக்கின்ஸ் பாயிண்டிலிருந்து சோலர்ஸ் பாயிண்ட் வரை இன்னொரு சுரங்கம் போடத்தான் முதல் திட்டம். ஒரே குழாய், இரண்டே தடம். 1970 ஜூலையில் டெண்டரைப் பிரித்தால், மதிப்பீட்டைவிட விலை எங்கேயோ போய் நின்றது. அப்போதுதான் பாலம் என்ற பேச்சு வருகிறது. மதிப்பீடு 11 கோடி டாலர், இரண்டு தடத்துக்குப் பதில் நான்கு தடம். சுரங்கம் என்றால் காற்றாடியும் பம்பும் விளக்கும் இராப்பகலாக ஓடவேண்டும், பாலத்துக்கு அந்தச் செலவு கிடையாது. இன்னொன்றும் உண்டு. பெட்ரோல், கேஸ், ரசாயனம் ஏற்றிய லாரியைச் சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள். அவற்றுக்குத் துறைமுகத்தைக் கடக்க நேர்வழியே இல்லாமல் இருந்தது. 1971-ல் மாநில சட்டமன்றம் ஒப்புதல் கொடுத்தது, 1972-ல் வேலை ஆரம்பம். ஆற்றின் மேல் வரும் பகுதிக்கு டிசைன் பால்டிமோரிலேயே இருந்த ஜே. இ. கிரைனர் நிறுவனம். முதலில் அவுட்டர் ஹார்பர் கிராசிங் என்றுதான் பெயர். பிறகுதான் அமெரிக்க தேசிய கீதத்தை எழுதியவர் பெயரை வைத்தார்கள். 1814-ல் அவர் அந்தத் துறைமுகத்தில் கப்பலில் இருந்தபடி கோட்டைமேல் குண்டு விழுவதைப் பார்த்துத்தான் அதை எழுதினார்.

டோல் ஏன் என்றால், மேரிலாந்தில் இதற்கென்று தனி ஆணையம் இருக்கிறது. பாலம், சுரங்கம் எல்லாவற்றின் டோலும் ஒரே உண்டியலில் விழும். அதை நம்பிக் கடன் பத்திரம் போட்டுப் புதிதாகக் கட்டுவார்கள், பழசைப் பராமரிப்பார்கள். பொது வரிப்பணத்தைத் தொடுவதில்லை. ஆக, எதைக் கட்டுவது என்று முடிவு எடுக்கும்போது டோல் கணக்கும் கூடவே உட்கார்ந்திருக்கும். சுரங்கம் பாலமாக மாறியதே அந்தக் கணக்கில்தான்.

வில்லா, டிரஸ்ஸா? பார்க்க வில், உள்ளே டிரஸ். நடுவில் வில் மாதிரி எழும்பி, சாலையைத் தொங்கவிட்டுப் பிடித்திருக்கும். தூண் பக்கம் வரும்போது அடித்தண்டு சாலைக்குக் கீழே இறங்கித் தூண்மேல் உட்காரும். நிஜ வில் என்றால் இரண்டு பக்கமும் கரையைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இது தள்ளாது, சும்மா உட்கார்ந்திருக்கும். மூன்று கண், அதாவது தூணுக்குத் தூண் உள்ள பகுதி: 722, 1,200, 722 அடி. நடுக்கண் 366 மீட்டர். தொடர் டிரஸ் வகையில் இதைவிட நீளமான கண் உலகத்தில் இரண்டுதான் இருந்தன: ஜப்பானில் இகிட்சுகி, அமெரிக்காவின் ஒரிகானில் அஸ்டோரியா. அஸ்டோரியாவும் ஒரு காலத்தில் டோல் பாலம்தான்.

இப்போது மெயின் கேள்வி. நம்ம ஊர் பழைய ரயில் பாலங்களை நினைத்துப் பாருங்க. கண்ணுக்கு ஒரு டிரஸ், தனித்தனியாக. ஒன்று போனாலும் அடுத்த கண் நிற்க வாய்ப்பு உண்டு. கீ பாலத்தில் மூன்று கண், ஆனால் டிரஸ் ஒன்று. 2,644 அடிக்கு ஒரே துண்டு. நான்கு பேர் ஒரு நீள ஏணியைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. முனையில் இரண்டு பேர், நடுவில் இரண்டு பேர். பாரம் முக்கால்வாசி நடு ஆட்கள் தோளில்தான். அவர்களில் ஒருவர் கால் இடறினால் என்ன ஆகும்?

ஏன் அப்படி ஒரே துண்டாகச் செய்தார்கள் என்று அடுத்து கேட்பீர்கள். உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. பாரம் சீராகப் பரவிய தனி உத்தரத்துக்கு நடுவில் வளைவுத் திருப்புமை (வளைக்கப் பார்க்கும் விளைவு), மொத்தப் பாரத்தை நீளத்தால் பெருக்கினதில் எட்டில் ஒன்று வரும், இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்தால் நடுவில் இருபத்துநாலில் ஒன்றுதான். மிச்சத்தைத் தாங்குமுனை வாங்கிக்கொள்ளும். தோளில் காவடிக் கம்பு வளைவதைப் பார்த்திருப்பீர்களே, இரண்டு பக்கமும் தொங்க, தோளுக்கு மேலே கம்பின் மேற்புறம் இழுபடும். தொடர் டிரஸ்ஸில் தூண்மேல் நடப்பது அதேதான். பக்கத்துக் கண்ணின் எடை நடுக்கண்ணைத் தூக்கிப் பிடிக்க உதவுகிறது. ஸ்டீல் மிச்சம். கப்பல் போகிற வழியில் தற்காலிகத் தூண் நடாமல் இரண்டு பக்கமிருந்தும் நீட்டிக்கொண்டே வந்து நடுவில் சேர்க்கவும் முடியும். அந்தக் காலத்துக்கு அது கெட்டிக்கார டிசைன். கேபிள் ஸ்டே (கோபுரத்திலிருந்து கம்பி கட்டிச் சாலையைப் பிடிக்கிற வகை) எல்லாம் அமெரிக்காவில் அப்போதுதான் தலைகாட்ட ஆரம்பித்திருந்தது.

தெற்குப் பக்கத்து மெயின் தூண், 17-ஆம் நம்பர், போனதும் 722-ம் 1,200-ம் சேர்ந்து 1,922 அடிக்கு நடுவில் தாங்கல் இல்லை. அது நிற்கவே முடியாது. அந்த இரண்டு கண்ணும் முறிந்து இறங்கின. இப்போது வடக்குக் கண்ணைப் பாருங்க. அதன் பாரம் அதுவரை நடுக்கண்ணோடு சரிக்குச் சரியாக நின்றது. எதிர்த்தட்டைப் பிடுங்கிவிட்டால் தராசு நிற்குமா? இழுவிசைக்கென்று போட்ட தண்டு அமுக்குவிசையில் மாட்டும், அமுக்குக்குப் போட்டது இழுபடும். சில வினாடியில் அதுவும் போயிற்று.

உங்கள் சார் சொன்னதில் பாதி சரி. ஒரு முக்கிய உறுப்பு போனால் மாற்று வழி இல்லாத வகை இது. ஆனால் போனது உறுப்பு இல்லையே, தூணே போயிற்று. நேற்றுத் திறந்த பாலமானாலும் மெயின் தூணை எடுத்துவிட்டால் விழும். அந்தத் தூணைச் சுற்றித் தண்ணீரில் என்ன வைத்திருந்தார்கள், அதைப் பாருங்க. செமினாரில் கை தட்டு வாங்கப் போவது அந்த ஸ்லைடுதான்.

க்ளென்பர்னி_அக்கா

கோவைக்கார அண்ணா சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை, ஏணி புரிந்தது. அந்தப் பாலத்தில் ஏழு வருஷம் வேலைக்குப் போய் வந்தவள் நான். வீடு ஆற்றுக்குத் தெற்கே க்ளென் பர்னியில், வேலை எதிர்க்கரையில் ஸ்பாரோஸ் பாயிண்ட் பக்கம் ஒரு கிடங்கில். முன்பு பெரிய ஸ்டீல் ஆலை இருந்த இடம் அது. 2012-ல் மூடிவிட்டார்கள், இப்போது முழுக்கக் கிடங்குதான்.

தம்பி, படத்தில் தெரியாத ஒன்று சொல்கிறேன். கரையிலிருந்து பாலம் ஏறிக்கொண்டே போகும். கப்பல் அடியில் போகவேண்டுமே, தண்ணீரிலிருந்து 185 அடி உயரம். ஓரத்தில் நடைபாதை கிடையாது, வண்டி நிறுத்தி ஒதுங்க இடமும் கிடையாது. உச்சியில் அந்த இரும்புக் கூண்டுக்குள் நுழையும்போது காற்று ஒரு உலுக்கு உலுக்கும். புதிதாக வந்த வருஷம் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே போவேன். பழகின பிறகு இடது பக்கம் நகரமும் வலது பக்கம் கேரல் கோட்டைத் தீவும் பார்த்துக்கொண்டு போவேன்.

டோல் அப்போது சாதாரணக் காருக்கு 4 டாலர். மேரிலாந்து ஈசிபாஸ் (தானாக டோல் கழிக்கும் வில்லை) ஒட்டியிருந்தால் 3. தினம் போகிறவர்கள் எடுக்கும் திட்டத்தில் 1 டாலர் 40 சென்ட். நான் சேர்ந்த புதிதில் டோல் வாங்க ஆள் இருந்தார்கள், 2019-ல் எல்லாவற்றையும் கேமராவாக்கிவிட்டார்கள். காலையில் சிரித்துப் பேசுகிற ஒரு அம்மா இருந்தார், அவர் போனதுதான் எனக்கு வருத்தம்.

பாலம் போன பிறகு சுரங்கம் வழியாகத்தான் போகிறேன். கூட்ட நேரத்தில் முக்கால் மணி நேரம் அதிகம். என்னைவிட எங்கள் கிடங்குக்கு வரும் டேங்கர் ஓட்டுநர்கள் பாடுதான் பாவம். சுரங்கத்துக்குள் அனுமதி இல்லையே, ஊரைச் சுற்றி 695 சாலையின் மேற்குப் பாதி முழுக்கச் சுற்றி வருகிறார்கள்.

நெல்லை_சிவில்

கசட் சார், மூன்று கண், ஒரு டிரஸ் என்பதை அப்படியே ஸ்லைடில் போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்காவுக்கும் நன்றி. 1 டாலர் 40 சென்ட் எந்தப் புத்தகத்திலும் கிடைத்திருக்காது.

ஒரு துணைக்கேள்வி. வகுப்பில் கண்டிப்பாக யாராவது "கப்பலில் இருந்தது நம்ம ஆட்கள்தானே, சரியாக ஓட்டவில்லையா" என்று கேட்பார்கள். என்ன சொல்ல?

மெஷின்ரூம்_தூத்துக்குடி

இதற்கு நான் பதில் சொல்கிறேன். கப்பலில் சீஃப் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன்.

டாலி என்கிற அந்தக் கண்டெய்னர் கப்பல் சிங்கப்பூர்க் கொடி, 300 மீட்டர் நீளம். தென்னாப்பிரிக்காவைச் சுற்றிக் கொழும்புக்குக் கிளம்பியது. 21 பேரில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கைக்காரர். இவர்கள் தவிர உள்ளூர் பைலட் இரண்டு பேர் ஏறியிருந்தார்கள். துறைமுகத்துக்குள் கப்பலை நடத்துவது பைலட்தான்.

நடந்தது பிளாக்அவுட், அதாவது கப்பல் முழுக்க கரண்ட் போவது. நடுராத்திரி மெஷின்ரூமில் எல்லாச் சத்தமும் சட்டென்று நின்றுபோகும் அந்த அமைதியை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது, இரண்டும் நடுக்கடலில், சுற்றிலும் இடிக்க ஒன்றும் இல்லை. இவர்களுக்குப் பாலத்துக்கு அரை மைல் தூரத்தில் நடந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் சொன்ன முடிவு: மின்பலகையில் ஒரு சிக்னல் ஒயர் சரியாக உட்காரவில்லை. ஒயரில் பெயர் எழுதி மாட்டுகிற சின்னப் பட்டை இடிபட்டு, முனை முழுக்க உள்ளே போகாமல் இருந்திருக்கிறது. அது விட்டதும் பிரேக்கர் விழுந்தது, கரண்ட் போயிற்று, குளிர்நீர்ப் பம்ப் நின்றதால் மெயின் என்ஜினும் தானாக நின்றது. கரண்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஜெனரேட்டருக்கு எரிபொருள் தள்ளிக்கொண்டிருந்த பம்ப், தானாகத் திரும்ப ஓடாத வகை. எரிபொருள் அழுத்தம் இறங்கி இரண்டாவது தடவையும் இருட்டு. ஒரே புரொப்பெல்லர், அது சுற்றாவிட்டால் சுக்கான் திருப்பியும் பெரிய பலன் இல்லை. நங்கூரம் போட்டார்கள். அவ்வளவு எடை அந்த வேகத்தில் போகும்போது நங்கூரம் உழுதுகொண்டுதான் வரும்.

முதல் பிளாக்அவுட்டிலிருந்து மோதல் வரை நான்கு நிமிஷம். அதற்குள் பைலட் மேடே (ஆபத்து அழைப்பு) கொடுத்தார், போலீஸ் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டது. பாலத்தில் பள்ளம் அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்களில் ஆறு பேரைத்தான் காப்பாற்ற முடியவில்லை. மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடாரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். செமினாரில் அவர்களைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

"நம்ம ஆள் ஓட்டத் தெரியாதவன்" என்று எவனாவது சொன்னால், ஆயிரக்கணக்கான ஒயரில் ஒன்று கால்வாசி வெளியே நிற்பதைக் கண்டுபிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கசட்பிளேட்_கோவை

மெஷின்ரூம் ஐயா, அந்தப் பட்டை விஷயம் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நாங்களும் இப்படி ஒரு மில்லிமீட்டரில் வாழ்கிற சாதிதான்.

தம்பி, நான் சொன்ன தண்ணீர் ஸ்லைடுக்கு வேண்டியது இது. கீ பாலம் திறந்து மூன்றே வருஷத்தில், 1980 மே மாதம், ஃபுளோரிடாவில் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் சரக்குக் கப்பல் மோதி 35 பேர் இறந்தார்கள். அதுவும் டிரஸ், அதுவும் டோல் பாலம். அதே 1980-ல் கீ பாலத்தின் தூணிலேயே ப்ளூ நகோயா என்ற கண்டெய்னர் கப்பல் மோதியிருக்கிறது. டாலியின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் அது, பாலம் தாங்கிக்கொண்டது. அந்தக் காலத்துக் கப்பலை வைத்துத்தான் காவலும் வைத்திருந்தார்கள்: தூண் பக்கம் ஒரு ஃபெண்டர் (மோதலை வாங்கிக்கொள்ளும் தடுப்பு), கொஞ்சம் தள்ளி டால்பின் என்று சொல்லும் கான்கிரீட் குத்துகள் நான்கு. டாலி கோணலாக வந்து டால்பினைத் தாண்டி நேரே தூணில் ஏறிவிட்டது.

ஸ்கைவேக்குப் பிறகு 1991-ல் அமெரிக்க நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம் ஒரு கணக்குமுறை வெளியிட்டது. எவ்வளவு பெரிய கப்பல், வருஷத்தில் எத்தனை தடவை போகிறது, தூண் எவ்வளவு தாங்கும் எல்லாம் போட்டால் பாலம் விழும் வாய்ப்பு வரும். முக்கியமான பாலம் என்றால் 10,000 வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போகக் கூடாது. புதுப் பாலத்துக்கு அது கட்டாயம் ஆயிற்று, பழைய பாலத்துக்குப் பரிந்துரை மட்டும். கீ பாலத்துக்கு யாரும் போட்டுப் பார்க்கவில்லை. விழுந்த பிறகு பாதுகாப்பு வாரியம் போட்டது. எல்லையைப் போல கிட்டத்தட்ட 30 மடங்கு. அதாவது ஏறக்குறைய 330 வருஷத்துக்கு ஒரு தடவை. இதே மாதிரி கணக்குப் போட்டுப் பார்க்காத 68 பாலங்களின் பட்டியலையும் 2025 மார்ச்சில் வெளியிட்டார்கள். டிரஸ்ஸில் நட்டு துருப்பிடித்திருக்கிறதா என்று தவறாமல் சோதித்தவர்கள்தான். அடியில் போகிற கப்பல் வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போனதை யாரும் அளக்கவில்லை.

புதுப் பாலம் கேபிள் ஸ்டே. நடுக்கண் 1,600 அடிக்கு மேல், அடியில் 230 அடி இடைவெளி, தூண்களைக் கப்பல் வழியிலிருந்து தள்ளி வைக்கிறார்கள். 2025 நவம்பரில் சொன்ன மதிப்பீடு 430-லிருந்து 520 கோடி டாலர், திறப்பு 2030 கடைசியில். 11 கோடியோடு நேராக ஒப்பிட்டு ஸ்லைடு போட்டுவிடாதீங்க, அரை நூற்றாண்டு விலைவாசி நடுவில் இருக்கிறது.

மனசுக்குள் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன், கேபிள் ஸ்டே எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. எங்களுக்கு வரைய ஒன்றும் மிஞ்சாது.

நெல்லை_சிவில்

30 மடங்கு, 330 வருஷம், குறித்துக்கொண்டேன் சார். அந்த ஆறு பேருக்குத் தனி ஸ்லைடு வைக்கிறேன் ஐயா.

அக்கா, உங்கள் டோல் ரசீது ஏதாவது படம் எடுத்து அனுப்ப முடியுமா? முதல் ஸ்லைடுக்கு.

க்ளென்பர்னி_அக்கா

ரசீது எங்கே, எல்லாம் கணக்கில்தான். தேடிப் பார்த்தேன். அன்று எனக்கு மாலை ஷிப்ட். கடைசி வரி: மார்ச் 25, இரவு 10.41, கீ பாலம், 1.40. கார் நம்பரை மறைத்துவிட்டு அனுப்புகிறேன், அப்படியே போட்டுவிடாதே தம்பி.